தாத்தா பெட்டியில் பேர் தெரியாத கருவியா? கண்டுபிடிக்கும் வழி

என் தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். போன வருடம் வீடு மாற்றும்போது அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். சுத்தியல், உளி, அரம், திருப்புளி எல்லாம் தெரிந்த சாமான்கள். ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. குறடு மாதிரி இரண்டு கைப்பிடி, ஒரு சாண் நீளம்கூட வராது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றி 4 முதல் 12 வரை எண்கள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு முனை வெளியே வந்து சக்கரத்தை முட்டும். விட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும்.

அது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது, 1,140 ரூபாய் செலவானது. சரியான வரிசையில் போயிருந்தால் ஒரு வாரத்தில், 400 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் கருவி வேறாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

1. கையை வைக்கும் முன் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

பெரும்பாலான பழைய கருவிகளால் ஒரு கெடுதலும் இல்லை. சில விதிவிலக்குகள் உண்டு.

தோட்டா, ஷெல், வெடிக்கும் மூடி மாதிரி எது இருந்தாலும் நகர்த்தாதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். பழைய மீட்டர், திசைகாட்டி, கடிகாரம் இவற்றின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம். "இப்போது ஒளிரவில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒளி மங்கிப்போனாலும் ரேடியம் உள்ளே அப்படியே இருக்கும். அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடிக் குழாயில் வெள்ளி நிறத்தில் ஏதாவது உருண்டால் அது பாதரசம். அதையும் உடையாமல் தனியாக எடுத்து வையுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அதைத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். ஸ்பிரிங் உள்ள கருவியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ஸ்க்ரூ கழற்றுவதும் கூடாது.

2. கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்

நான் செய்த முதல் தப்பு இது. துருவைப் பார்த்ததும் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டு ஊறவைத்தேன். அப்புறம் எமரி காகிதத்தால் தேய்த்தேன். கருவி பளபளத்தது. கைப்பிடியில் இருந்த எழுத்தில் பாதி போயே போய்விட்டது. மிச்சமிருந்தது "லிப்ஸ்" என்று படிக்கும்படி இருந்தது. லிப்ஸ்டிக் கம்பெனியா மாமா என்று அக்கா மகன் கேட்டான்.

புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் அமிலம். துருவோடு சேர்த்து இரும்பையும் அரிக்கும், நகைக்குப் போட்ட மாதிரி மெல்லிய முலாம் இருந்தால் அதையும் எடுத்துவிடும். எழுத்து மட்டுமா? எந்த இடம் கைபட்டு வழவழப்பானது, எந்த இடம் உரசித் தேய்ந்தது என்ற அடையாளமும் போய்விடும். ஆறாம் படியில் நமக்கு வேண்டியதே அந்தத் தேய்மானம்தான்.

முதலில் உலர்ந்த பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டுங்கள். பிசுக்கு இருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். அசையாமல் இறுகியிருந்தால் டபிள்யூடி-40 அடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையிலும் அசையவில்லையா, இன்னொரு இரவு விடுங்கள். சுத்தியலை எடுக்க வேண்டாம். வார்ப்பிரும்பாக இருந்தால் ஒரே தட்டில் உடையும்.

3. பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள்

பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே ஒரு படம் எடுங்கள். எந்தச் சாமானோடு கிடந்தது, எதில் சுற்றியிருந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை.

என் பெட்டியில் அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே மூன்று முக்கோண அரங்கள் ஒரே துணியில் சுற்றியபடி இருந்தன. "அரம்தானே" என்று அவற்றைத் தூக்கி வேறு டப்பாவில் போட்டேன். தச்சுவேலை தெரிந்த யாரும் அந்தத் துணியை அப்படியே பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார்கள். முக்கோண அரம் ரம்பப் பல் தீட்டுவதற்கானது. விடை எனக்கு முதல் நாளே கையில் கிடைத்தது. நானே பிரித்து வைத்துவிட்டேன்.

4. வீட்டுக் காகிதங்களைப் பாருங்கள்

"தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று வீட்டில் கேட்டால் கிடைக்கும் பதிலை அப்படியே நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஃபிட்டர் என்றார்கள். அதனால் நான் இரண்டு மாதம் ரயில்வே இயந்திரக் கருவிகளுக்குள்ளேயே சுற்றினேன். கடைசியில் அப்பாவின் பழைய பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் "கார்பென்டர்" என்று இருந்தது. ரயில் பெட்டியின் உடம்பெல்லாம் மரமாக இருந்த காலம் அது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சருக்கு வேலை இல்லாமலா?

எந்தக் காகிதத்தில் தொழில் இருக்கும் என்று கேட்டால், என் அனுபவத்தில் இந்த வரிசை: பணிப் பதிவேடு அல்லது பென்ஷன் புத்தகம், தொழிற்சங்க அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், பழைய கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெயருக்குக் கீழே உத்தியோகம் போடாத பத்திரிகையை நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும்! இதற்காக எந்த அலுவலகத்துக்கும் நகல் கேட்டு அலைய வேண்டாம். வீட்டுப் பரணில் இருப்பதே போதும்.

வீட்டில் அதற்கு முன் யார் குடியிருந்தார்கள் என்றும் விசாரியுங்கள். கருவி உங்கள் குடும்பத்துடையதுதான் என்று உறுதி இல்லை.

5. எழுத்தையும் எண்ணையும் படியுங்கள்

சாதாரண வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்த மாதிரி அடியுங்கள். மேடு பள்ளம் நிழலாக விழும். அப்படியும் தெரியாவிட்டால் சாக்பீஸைத் தேய்த்து, மேலே மட்டும் விரலால் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கும். சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதுவும் நன்றாக வேலை செய்யும்.

இனி, என்ன எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? எனக்குப் பயன்பட்டவை இவை.

எஸ்.ஐ.ஆர். என்றால் சௌத் இந்தியன் ரயில்வே. எம்.எஸ்.எம். என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. இவை 1951இல் தெற்கு ரயில்வேயோடு சேர்ந்துவிட்டதால், கருவி அதற்கு முந்தையது. அகலமான அம்புக்குறி முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கத்தின், பெரும்பாலும் ராணுவத்தின் சொத்தாக இருந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரைத் திட்டம் 1955இல் வந்தது. முத்திரை இருந்தால் அதற்குப் பிந்தையது. "வெஸ்ட் ஜெர்மனி" என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் செய்தது. டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். என்ற எழுத்துகள் 1945க்கு முந்தைய ஜெர்மன் பதிவுகள்.

பேட்டன்ட் எண் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அமெரிக்க எண்கள் 1911இல் பத்து லட்சத்தையும், 1935இல் இருபது லட்சத்தையும், 1961இல் முப்பது லட்சத்தையும் தொட்டன. உங்கள் எண் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே காலம் ஓரளவு பிடிபடும். பிரிட்டனில் 1916இல் 1,00,001 என்று புது வரிசை தொடங்கினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வருடமும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும், ஆகவே வருடம் இல்லாத பழைய பிரிட்டிஷ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, பேட்டன்ட் தேதி அந்தக் கருவி செய்யப்பட்ட தேதி ஆகாது. அதே எண்ணைப் போட்டுப் பல வருடம் விற்றிருப்பார்கள். இரண்டு, பழைய ஸ்பேனரில் பின்னத்தோடு 'டபிள்யூ' இருந்தால் அது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் போல்ட் அளவு. அந்தப் பின்னம் போல்ட்டின் விட்டத்தைச் சொல்கிறது. ஸ்பேனர் வாயை அளந்துவிட்டு "அளவு தப்பு" என்று சொல்லக் கூடாது. மூன்றாவதில் விழுந்தவன் நான்தான். என் கருவியில் 77 என்று இருந்தது. 1977 என்று முடிவுகட்டி, தாத்தா அதற்குள் ஓய்வு பெற்றிருப்பாரே என்று ஒரு வாரம் குழம்பினேன். அது மாடல் எண்.

6. அது என்ன செய்கிறது என்று கையால் கேளுங்கள்

"இதன் பெயர் என்ன" என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, "இது எதைப் பிடிக்கிறது, எதைத் தள்ளுகிறது" என்று பாருங்கள். நிறைய நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டாவிட்டால் பித்தளையோ, வெண்கலமோ, அலுமினியமோ. தீப்பொறி வரக் கூடாத இடம், துருப்பிடிக்கும் ஈரமான இடம் என்று யோசிக்கலாம். அடுத்து எடை, நீளம், வாய் எவ்வளவு திறக்கிறது. நீளத்தை மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் அளங்கள். எதில் முழு எண் வருகிறதோ அந்த அளவுமுறையில் யோசித்துச் செய்திருப்பார்கள்.

அப்புறம் தேய்மானம். கை படும் இடம் எது? கைப்பிடி இரண்டும் ஒரே மாதிரி வழவழப்பா? வேலை நடக்கும் முனையில் கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது? என் கருவியின் சக்கரத்தில் 6, 7, 8 எண்களுக்குப் பக்கத்து விளிம்பு மட்டும் தேய்ந்து மின்னியது. 12 புதுசு மாதிரி இருந்தது. யாரோ அதை மூன்று அளவில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

முனை விளிம்பைக் கவனியுங்கள். கூர்மையா, மழுங்கலா, முழுதாக மூடுகிறதா? நண்பர் ஒருவர் வீட்டில் நீளக் கைப்பிடியோடு ஒரு பெரிய இடுக்கி இருந்தது. தகடு வளைப்பது என்று முடிவுசெய்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தார். நாய்க்கு ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது பர்டிசோ, காளைக்குக் காயடிப்பது. அதன் விளிம்பு மழுங்கலாக இருப்பதே தோலைக் கிழிக்காமல் உள்ளே இருக்கும் நாளத்தை மட்டும் நசுக்கத்தான். மழுங்கலைப் பார்த்த நண்பர் "கூர் போய்விட்டது" என்று சாணை பிடிக்கக் கொடுக்க இருந்தாராம். நல்லவேளை.

கடைசியாக மாவுச் சோதனை. சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தட்டையாக்கி, கருவியின் வாயில் கொடுத்து மெல்ல அழுத்துங்கள். சோப்புக் கட்டியும் சரிவரும். துளை விழுந்தால் பஞ்ச். எழுத்து விழுந்தால் முத்திரை. என் கருவியில் துளை விழவில்லை. உற்றுப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முனைகள் இருந்தன. வெளி முனை முதலில் வந்து மாவைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகே உள் முனை வந்து ஒரு ஓரத்தை மட்டும் சக்கரத்தின் சரிவில் சாய்த்தது. ஆக, ஏதோ ஒரு தகட்டைப் பிடித்து, அதன் நுனியை மட்டும் அளவோடு வளைக்கிறது. இந்த ஒரு வாக்கியம் கிடைத்த பிறகு தேடல் எல்லாம் சுலபமாகிவிட்டது. உங்கள் கருவிக்கும் இப்படி ஒரு வாக்கியம் எழுதிவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

7. படம் எடுங்கள், தேடுங்கள்

ஆறு படம் போதும்: இரண்டு பக்கம், மேலிருந்து, வாய் திறந்து, வாய் மூடி, எழுத்துக்கு நெருக்கமாக ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். வெள்ளைத் தாளின் மேல், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

கூகுள் லென்ஸ் உதவும், ஆனால் அது உருவத்தை மட்டும் பார்க்கும். எனக்குத் தோல் துளையிடும் பஞ்ச் என்றும் டிக்கெட் பஞ்ச் என்றும் மாறி மாறிச் சொன்னது. மாவுச் சோதனைக்கு முன்பு நான் அதை நம்பினேன். ஆங்கிலத்தில் தேடும்போது உருவத்தை விட்டுவிட்டுச் செயலை எழுதுங்கள்: "பிளையர்", "பிளஞ்சர்", "பெண்ட்", "டீத்" என்ற மாதிரி.

பேட்டன்ட் எண் இருந்தால் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் இரண்டும் இலவசம். வரைபடத்தோடு கிடைக்கும், கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கக் கருவி என்றால் டேட்டாம்ப் என்ற பேட்டன்ட் தொகுப்பைப் பாருங்கள். கம்பெனி பெயர் தெரிந்தால் இன்டர்நெட் ஆர்கைவில் பழைய விலைப்பட்டியல் புத்தகங்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது என்றால் அங்கே கெல்ஹாம் ஐலேண்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஹாலி தொகுப்பு முழுக்கக் கருவிகளுக்கானது.

விற்பனைத் தளங்களில் போட்டிருக்கும் பெயரை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். விற்பவருக்கும் நம்மைப் போலத்தான், தெரிந்திருக்காது. "அபூர்வ ரயில்வே கருவி" என்று போட்டால் விலை கூடும் என்பது மட்டும் தெரியும்.

8. ஆளிடம் கொண்டுபோங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள்

காயலான் கடையில் எடை பார்ப்பார்கள். பழம்பொருள் கடையில் விலை பார்ப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக உண்டு. அதே மாதிரி இன்னொன்று கண்ணில் படுமா என்று பார்க்க நல்ல இடம். நான் மூன்று தடவை போனேன். பழைய பூட்டுகளைப் பார்த்து மயங்கியதுதான் மிச்சம். கருவியை வைத்து வேலை பார்த்தவர்தான் நமக்கு வேண்டிய ஆள்: வயதான தச்சர், கொல்லர், லேத் பட்டறைக்காரர், தட்டார், செருப்புத் தைப்பவர், வாட்ச் ரிப்பேர் செய்பவர். ஆறாம் படியில் எழுதிய வாக்கியம் யாரிடம் போவது என்று சொல்லிவிடும்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. "ஐயா, இது டிக்கெட் பஞ்ச்தானே?" என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். நான்கு பேர் ஆமாம் என்றார்கள். ஆசையாக வந்து கேட்பவனை ஏன் ஏமாற்ற வேண்டும் என்ற மரியாதை! ஐந்தாவது ஆளிடம், கருவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பட்டறை வைத்திருக்கும் தச்சர், எழுபது தாண்டியவர். அவர் கருவியை வாங்கினார். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய கைரம்பத்தை எடுத்து, அதன் பல்லில் கருவியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். ஒரு பல் விட்டு அடுத்த பல். அப்புறம் ரம்பத்தைத் திருப்பி, விட்ட பற்களை.

"பல்லைச் சாய்க்கிறது தம்பி. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். சாய்க்கலேன்னா ரம்பம் மரத்துக்குள்ளே போய் மாட்டிக்கும்."

பற்கள் இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தால் அறுக்கும் வழி ரம்பத் தகட்டைவிட அகலமாக விழும்; தகடு இறுகாமல் ஓடும். அவ்வளவுதான் சங்கதி. இப்போது கடையில் வரும் பல ரம்பங்களுக்குப் பல் நுனியைக் கடினமாக்கி விடுகிறார்கள். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான், சாய்க்கப் போனால் பல் ஒடியும். அதனால்தான் இந்தக் கருவியை நம்மில் பலர் பார்த்ததே இல்லை.

அவர் ஒரு மணி நேரம் செலவழித்தார். ஒரு டீயோடு நிறுத்தாமல் கூலியாக ஏதாவது கொடுங்கள். நான் 300 ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றவர் பேரனுக்கு என்றதும் வாங்கிக்கொண்டார்.

9. மூன்று ஆதாரம் சேரும்வரை முடிவு செய்யாதீர்கள்

ஒருவர் சொன்னார் என்பது ஒரு ஆதாரம். உருவமும் எழுத்தும் பழைய பட்டியலோடு ஒத்துப்போவது இரண்டாவது. கருவியில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் வேலை விளங்குவது மூன்றாவது. ஒரு பாகம் எதற்கென்று சொல்ல முடியாவிட்டால் விடை இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பஞ்சுக்கு 4 முதல் 12 வரை எண் எதற்கு என்று நான் கேட்டிருந்தால் அன்றே அந்த யோசனை செத்திருக்கும்.

என் கருவிக்கு மூன்றும் சேர்ந்தன. ஆங்கிலத்தில் "சா செட்". அழிந்த எழுத்து "எக்லிப்ஸ்". ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜேம்ஸ் நீல் கம்பெனியின் எக்லிப்ஸ் 77. சக்கரத்து எண்கள் ரம்பத்தில் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு. பெரிய பல்லுக்குச் சின்ன எண். தாத்தா 6, 7, 8 பல் ரம்பங்களை வைத்திருந்தார் என்பதும் இதில் தெரிந்துவிட்டது. நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வேலைக்கு ஆகாத ரம்பத்தில் பாருங்கள்.

10. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள பொருள் நூறு ஆண்டுக்குக் குறையாததாக இருந்தால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்களுடையது அந்த வகையில் வராது என்றாலும், பழசாகத் தெரியும் பொருளைச் சுங்கத்தில் நிறுத்திக் கேட்கலாம். "இது தொல்பொருள் இல்லை" என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை தருகிறது. அதற்கு ஏழாம் படியில் எடுத்த படங்கள், அளவுகள், காலம் பற்றிய ஆதாரம் எல்லாம் கைகொடுக்கும். டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தொடங்க வேண்டாம். விமானத்தில் கையோடு கொண்டுபோகாமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

என் கணக்கு

காரைக்குடிக்கு மூன்று தடவை பஸ்: 540. தச்சருக்கு: 300. இறுகிய ஸ்க்ரூவை லேத் பட்டறையில் கழற்ற: 150 (பொறுமையாக இன்னொரு இரவு எண்ணெயில் விட்டிருந்தால் இது மிச்சம்). துடைக்கும் சாமான்கள்: 90. பிரின்ட்: 60. இதில் அவசியமானது தச்சருக்குக் கொடுத்ததும் துடைக்கும் சாமானும் மட்டும், 390 ரூபாய். நேரத்தைப் பார்த்தால் ஊறவைக்க இரண்டு நாள், காகிதம் தேட ஒரு நாள், தேடலுக்கு இரண்டு மாலை, ஆள் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும். கைப்பிடியில் ஒரு அட்டை கட்டி, பெயர், பயன், யாருடையது, யார் சொன்னார் என்று பென்சிலில் எழுதுங்கள்; பேனா மை எண்ணெயில் கரையும். மூன்று முக்கோண அரங்களையும் நான் திரும்ப அதே துணிக்குள் வைத்துவிட்டேன்.